முதல் கவளம்

லுசாகா நகரத்தின் ஓரத்தில், மினி பஸ்கள் வந்து திரும்புகிற ஒரு பேட்டையில், முத்திந்தா என்றொரு பெண் போதகர் இருந்தார். அவருடைய ஆலயம் ஒரு காலத்தில் கோழித் தீவன மூட்டைகள் அடுக்கியிருந்த கிடங்கு. தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் பிரசங்கம் காதில் விழாது. அப்போது பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பாடுவார்கள். மழைக்கும் பாட்டுக்கும் போட்டி நடக்கும்.

பேட்டை ஜனங்கள் அவரை அபூசா என்று கூப்பிட்டார்கள். அந்த ஊர்ப் பேச்சில் மேய்ப்பர் என்று அர்த்தம்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் மாசிலாமணி. திருநெல்வேலிச் சீமைக்காரர். முத்திந்தாவை விட வயதில் மூத்தவர். ஊரில் நீண்ட காலம் சபை நடத்தி, ஆலயத்துக்குக் கோபுரமும் எழுப்பிவிட்டு வந்தவர். அவரை அனுப்பிய சங்கம் இப்படிச் சொல்லியிருந்தது: "லுசாகாவில் ஜனங்கள் புதிதாகக் குடியேறுகிற பேட்டை ஒன்று இருக்கிறது. அங்கே நீங்கள் ஒரு சபை தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வருஷம் முத்திந்தா அம்மாவோடு இருங்கள்."

ஒரு வருஷம் எதற்கு என்று மாசிலாமணிக்கு விளங்கவில்லை. வேதம் ஒன்றுதானே. ஜெபம் ஒன்றுதானே. ஆனாலும் வந்தார்.

பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் ஓட்டம் உண்டு. அதனால் முத்திந்தா அதிகாலையில் பஸ் நிலையத்துக்கே போய்விடுவார். முதல் நடை கிளம்புவதற்கு முன் ஒரு பஸ்ஸின் முன்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணுவார். ஓட்டுநர்கள் தலை குனிந்து நிற்பார்கள். இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும். கண்டக்டர்கள் நடுநடுவே ஆள் கூப்பிடுவார்கள்.

முதல் நாள் மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை.

"இது என்ன ஜெபம் அம்மா? நீங்கள் 'பரலோகப் பிதாவே' என்கிறீர்கள். அவன் 'டவுன், டவுன்' என்று கத்துகிறான்."

"தான் எங்கே போகிறான் என்று கடவுளுக்குச் சொல்கிறான்" என்றார் முத்திந்தா.

மாசிலாமணிக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. முத்திந்தாவுக்குப் பின்னால் நடந்தார்.

மாசிலாமணிக்குச் சமைக்கத் தெரியாது. மதியம் ஆனால் பஸ் நிலையத்தில் லவ்னெஸ் என்கிற பெண்ணின் கடைக்குப் போய்விடுவார். நாலு கம்பு, மேலே ஒரு தகரம், கீழே இரண்டு பெஞ்சு. அவ்வளவுதான் கடை. மக்காச்சோள மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டி, துடுப்பால் கெட்டியாகக் கிண்டி எடுக்கிற களிதான் அங்கே சாப்பாடு. தொட்டுக்கொள்ளக் கீரையும், நெத்திலி போலவே இருக்கிற ஒரு சின்னக் கருவாடும். கையால் உருட்டித்தான் சாப்பிட வேண்டும். கருவாட்டு வாசம் வந்தபோதே மாசிலாமணி அந்தக் கடைக்கு நிரந்தர வாடிக்கை ஆகிவிட்டார்.

லவ்னெஸ் பலமாகச் சிரிக்கிறவள். வருகிறவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டே பரிமாறுவாள். அவள் கணவன் ஃபெலிக்ஸ் மினி பஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸின் பின்பக்கம் பெரிய எழுத்தில் 'நன்றி இயேசுவே' என்று எழுதிவைத்திருந்தான். இரண்டு பெண் குழந்தைகள். நால்வரும் முத்திந்தாவின் சபையார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஃபெலிக்ஸ் காய்ச்சலில் படுத்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிணமாகத்தான் திரும்பி வந்தான்.

அந்த நேரம் பார்த்து முத்திந்தா வடக்கே தூரத்து நகரம் ஒன்றில் போதகர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். அடக்க ஆராதனையை மாசிலாமணிதான் நடத்தினார்.

சாவு வீட்டில் அவர் கண்டது அவர் மனதை அசைத்தது. கூப்பிடாமலே பேட்டை முழுக்க வந்துவிட்டது. ஒருவர் விறகு சுமந்து வந்தார். ஒருத்தி மாவு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பெண்கள் உள்ளே வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, லவ்னெஸைத் தங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பாடினார்கள். ஆண்கள் வெளியே நெருப்பு மூட்டி, சுற்றி முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். யாரும் கிளம்பவில்லை. இப்படி ஒரு ஜனத்தின் நடுவே தன்னைக் கொண்டுவந்து வைத்ததற்காக மாசிலாமணி மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை ஃபெலிக்ஸின் பெரியப்பா பேச எழுந்தார். முலேயா என்று பெயர். தெற்கே அவர்கள் ஊரிலிருந்து வந்தவர். குடும்பத்துக்குப் பெரியவர் அவர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் மொழியில் நிதானமாகப் பேசினார். சபை மூப்பர் ஒருவர் மாசிலாமணியின் காதருகே மொழிபெயர்த்துச் சொன்னார்.

"செத்தவனின் நிழல் மனைவியின் மேல் தங்கிவிடும் என்கிறார். அதை எடுக்க வேண்டுமாம். அது வரைக்கும் அவள் கையால் யாரும் சாப்பிடமாட்டார்கள்."

"எப்படி எடுப்பார்கள்?"

மூப்பர் தயங்கினார். "எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம், பாஸ்டர். செத்தவனின் குடும்பத்து ஆண் ஒருவன் அவளோடு ஓர் இரவு இருக்க வேண்டும். தன் அப்பா காலத்தில் அப்படித்தான் செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்."

மாசிலாமணி எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, போதும்!" என்றார். "இது இருளின் காரியம். இந்தப் பெண் கிறிஸ்துவுக்குள் விடுதலை அடைந்தவள். இவள் மேல் எந்த நிழலும் இல்லை. எந்த ஆணும் இவளைத் தொடக் கூடாது. நான் விடமாட்டேன்!"

மூப்பர் அதை மெல்லிய குரலில் மொழிபெயர்த்தார். நெருப்பைச் சுற்றி ஒருவரும் அசையவில்லை. உள்ளே பாட்டு நின்றுபோயிருந்தது.

முலேயா வாயில் இருந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார். தொப்பியைத் தலையில் வைத்தார்.

"சரி, பாஸ்டர். விடுதலை கொடுத்தது நீங்கள். இனி அவளுக்கு நீங்களே பொறுப்பு."

சொல்லிவிட்டு நடந்தார். குடும்பத்து ஆண்களும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

வாசலில் லவ்னெஸ் நின்றிருந்தாள். மாசிலாமணியைப் பார்த்துக் கையெடுத்துத் தலை தாழ்த்தினாள். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவோடு அவர் வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் லவ்னெஸ் கடையைத் திறந்தாள்.

மதியம் ஆயிற்று. ஓட்டுநர்கள் வந்தார்கள். "எப்படி இருக்கிறாய், அக்கா?" என்று விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். சபைப் பெண்கள் வந்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தட்டை நீட்டினால் மட்டும், "இன்றைக்கு வயிறு சரியில்லை" என்றார்கள்.

மாசிலாமணி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு தட்டு சாப்பிட்டார். எதிர்ப்பக்கம் பஸ் நிழலில் நின்றவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். அவர் இன்னொரு தட்டு கேட்டார்.

"வேண்டாம் பாஸ்டர். உங்கள் வயிறு தாங்காது."

"பசிக்கிறது, போடம்மா."

பசிக்கவில்லை. ஆனால் சாப்பிட்டார். மறுநாளும் அப்படியே. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்தும் யாரும் வரவில்லை. "அவர் வேறு தேசத்துக்காரர், எங்கள் செத்தவர்களுக்கு அவரைத் தெரியாது" என்று பேசிக்கொண்டார்கள்.

பானையில் மிஞ்சியதை லவ்னெஸ் மாலையில் கொட்டினாள். பிறகு சின்னப் பானை வைத்தாள். ஒரு நாள் அவர் போனபோது அடுப்பே பற்றவைக்கவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்டர், உங்களிடம் ஒன்று சொன்னால் வருத்தப்படமாட்டீர்களே?"

"சொல்லம்மா."

"அன்றைக்கு நீங்கள் எனக்காக எழுந்து நின்றீர்கள். அதற்கு என் உயிர் இருக்கும் வரை நன்றி சொல்வேன். ஆனால்…"

"ஆனால்?"

"ஃபெலிக்ஸ் இன்னும் என் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை. அவரை யாரும் இறக்கிவிடவில்லை, பாஸ்டர்."

மாசிலாமணிக்கு அதற்கு வேத வசனம் தெரியும். ஒன்றல்ல, பல தெரியும். அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

முத்திந்தா திரும்பி வந்ததும் அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்.

"நான் சொன்னதில் பொய் இருக்கிறதா, அம்மா?"

"இல்லை."

"அந்த வழக்கத்தை நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?"

"மாட்டேன்."

"அப்படியானால் நான் செய்ததில் என்ன தப்பு? ஏன் அவளுக்கு இப்படி ஆயிற்று?"

முத்திந்தா பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"முலேயா பேச்சை முடித்தாரா?"

"முடிக்கவில்லை. நான்தான் எழுந்துவிட்டேனே."

முத்திந்தா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாருங்கள். மீதியைக் கேட்டுவிட்டு வருவோம்."

முலேயா இன்னும் ஊருக்குப் போகவில்லை. சந்தைக்குப் பின்னால் தன் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். வந்த வேலை முடியாமல் எப்படிப் போவது என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அவர் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முத்திந்தா அவர் எதிரில் தரையில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து, இரண்டு கையையும் குழித்து மெல்லத் தட்டினார். பெரியவர்களுக்கு அங்கே அப்படித்தான் வணக்கம். மாசிலாமணி ஒரு கணம் நின்றார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்து கை தட்டினார். ஓசை சரியாக வரவில்லை. முலேயாவின் தங்கை வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"பெரியவரே" என்றார் முத்திந்தா. "அன்றைக்கு நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். பாதியில் எங்கள் ஆள் எழுந்துவிட்டார். மீதியைக் கேட்க வந்திருக்கிறோம்."

தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முலேயா நிதானமாகக் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார். முத்திந்தா காத்திருந்தார். மாசிலாமணியும் காத்திருந்தார். அவருக்கு அது சுலபமாக இல்லை.

"ஃபெலிக்ஸை நான் தோளில் தூக்கி வளர்த்தேன்" என்று முலேயா, மாசிலாமணிக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் தொடங்கினார். "எங்கள் பேச்சு சுற்றித்தான் வரும், அபூசா. என் அப்பா காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் என் இன்னொரு தம்பியைப் பற்றிச் சொல்ல இருந்தேன்."

"தம்பிக்கு என்ன?"

"அவனும் இப்படி ஒரு விதவையின் நிழலை எடுக்கப் போனான். போனவன் நோயை வாங்கிக்கொண்டு வந்தான். அவன் போய்விட்டான். ஒரு பாவமும் அறியாத அவன் பெண்டாட்டியும் போய்விட்டாள். இனிமேல் நம் குடும்பத்தில் இது வேண்டாம், வேறு வழி பார்ப்போம் என்று சொல்லத்தான் எழுந்தேன்."

மாசிலாமணி தலை நிமிர்ந்தார்.

"வேறு வழி வேண்டும் என்றா சொல்ல வந்தீர்கள், ஐயா?"

"ஆமாம்."

"என்ன வழி?"

முலேயா அவரைப் பார்த்தார். கோபம் இல்லாத பார்வை.

"எனக்குத் தெரியாது, பாஸ்டர். அங்கே ஒரு போதகர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரைக் கேட்கலாம் என்று நினைத்தேன். அங்கேதான் வந்துகொண்டிருந்தேன். வந்து சேர்வதற்குள் நீங்கள் எழுந்துவிட்டீர்கள்."

முற்றத்தில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. மாசிலாமணி அதையே பார்த்தார். பிறகு முழங்காலிலேயே நகர்ந்து முன்னால் போய், முலேயாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்க வேண்டும், ஐயா."

"எதற்கு? அவளைக் காப்பாற்றத்தானே எழுந்தீர்கள். எங்கள் மருமகளுக்காகத் தூரதேசத்து மனிதர் ஒருவர் எழுந்து நின்றார். அதற்கு எங்கள் குடும்பம் நன்றி சொல்ல வேண்டும். அன்றைக்கே சொல்லியிருப்பேன். கோபம் விடவில்லை."

அவருடைய தங்கை மூவருக்கும் வேகவைத்த கடலை கொண்டுவந்து வைத்தாள். மூவரும் கடலையை உரித்துத் தின்றார்கள்.

"பெரியவரே, அந்த வழக்கம் அவளுக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டார் முத்திந்தா. "உடம்பை விட்டுவிடுங்கள். சொல்கிற சொல் என்ன?"

முலேயா உரித்த கடலையைத் தட்டில் வைத்தார்.

"எங்கள் பிள்ளையை நாங்கள் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்கிறது. உன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை என்கிறது. நீ இனி பிடிபட்டவள் இல்லை என்கிறது."

"அதை ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் சொல்வீர்களா?"

"சொல்வேன். ஆனால் சொல் காற்றில் போய்விடும், அபூசா. ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். என் அம்மா காலத்தில் வெள்ளைப் பாசிமணி கோத்து விதவையின் கையில் கட்டுவார்கள். அது கையில் இருந்தால் போதும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்."

"மணியா?" என்றார் மாசிலாமணி. குரல் தன்னால் உயர்ந்துவிட்டது. "ஆலயத்தில் வைத்து மணி கட்டுவதா, அம்மா?"

முத்திந்தா கடலையை உரித்துக்கொண்டே கேட்டார்.

"உங்கள் ஊரில் ஒரு பெண் மனைவி ஆகிவிட்டாள் என்று எப்படித் தெரியும்?"

"கழுத்தில் தாலி இருக்கும்."

"அதை எங்கே கட்டுவார்கள்?"

"ஆலயத்தில்."

"யார் எடுத்துக் கொடுப்பது?"

"நான்தான். ஜெபம் பண்ணி மாப்பிள்ளை கையில் கொடுப்பேன்."

"தாலியைப் பவுலும் பேதுருவும் கொண்டுவந்தார்களா?"

"இல்லை. அது எங்கள் ஊரில் ஏற்கெனவே இருந்தது. நாங்கள் அதில் சிலுவையைப் பதித்துக்கொண்டோம்."

"அழகாக இருக்குமா?"

"ரொம்ப அழகாக இருக்கும்" என்றார் மாசிலாமணி. அவர் கையால் எடுத்துக் கொடுத்த தாலிகள் எத்தனையோ. ஒன்றைக்கூட இப்படி யோசித்துப் பார்த்ததில்லை.

முத்திந்தா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாசிலாமணியே பேசினார். "வெள்ளை மணி இங்கே எந்தக் கடையில் கிடைக்கும், ஐயா? நான் போய்த் தேடி வாங்கிவருகிறேன்."

முலேயா முதல்முறையாகச் சிரித்தார்.

"மணி என் பையில் இருக்கிறது, பாஸ்டர். என் மனைவி ஊரிலேயே கோத்துக் கொடுத்தனுப்பினாள்."

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது.

"மணி மட்டும் போதாது. அவள் சமைத்ததை நான் முதலில் சாப்பிட வேண்டும். அவன் அப்பன் வழி ஆள் சாப்பிட்டால்தான் ஊர் சாப்பிடும்."

"சாப்பிடுவீர்களா?"

"சாப்பிடுவேன். பயமாகத்தான் இருக்கிறது" என்றார் முலேயா. "இது வரைக்கும் எங்கள் குடும்பத்தில் இப்படி யாரும் செய்ததில்லை."

"நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்" என்றார் முத்திந்தா.

திரும்பி நடக்கும்போது மாசிலாமணி கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை நான் எதைப் பற்றிப் பிரசங்கம் பண்ணட்டும், அம்மா?"

"நீங்கள் கைகழுவத் தண்ணீர் ஊற்றுங்கள்."

ஞாயிற்றுக்கிழமை கிடங்கு நிரம்பி வாசல் வரை ஆள் நின்றது. ஓட்டுநர்கள் அன்று ஒரு நடையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஆலயத்துக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, லவ்னெஸ் பெரிய பானையை ஏற்றிக் களி கிண்டினாள். முதுகு வளைந்து நிமிர்ந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. போக அவர்களுக்குத் துணிச்சல் இல்லை. சபைப் பெண்கள் தள்ளி நின்று அவளுக்காகப் பாடினார்கள்.

கிண்டி முடித்துவிட்டு அவள் உள்ளே வந்தாள். முலேயா அவளைத் தன் முன்னால் உட்காரவைத்தார். குழந்தைகள் இரண்டும் அம்மாவின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டன. முத்திந்தா வெள்ளை மணியை உள்ளங்கையில் வாங்கிச் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணினார். மணியைத் திருப்பி முலேயாவின் கையில் வைத்தார்.

முலேயா பேசினார். இந்த முறை யாரும் குறுக்கே எழவில்லை. அவர் பேச்சு சுற்றிச் சுற்றிப் போனது. தாத்தா, தாத்தாவின் மாடுகள், ஒரு பஞ்ச காலம் எல்லாம் வந்தன. மூப்பர் காதருகே மொழிபெயர்க்க, மாசிலாமணி ஒரு சொல் விடாமல் கேட்டார். கடைசியில் பேச்சு வர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"லவ்னெஸ். எங்கள் பிள்ளை உன் வீட்டில் இருந்தான். நீ அவனுக்கு நல்ல சாப்பாடு போட்டாய். அவனைச் சிரிக்கவைத்தாய். எங்களுக்கு இந்த இரண்டு பேத்திகளைக் கொடுத்தாய். அதற்கு நாங்கள் நன்றி சொல்கிறோம். இப்போது எங்கள் பிள்ளையை உன்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம். வாங்கி, கடவுளின் கையில் கொடுக்கிறோம். குழந்தைகள் என்றைக்கும் எங்கள் குழந்தைகள். உன்னை யாரும் பிடித்துவைக்கவில்லை. நீ போகலாம், வரலாம். சமைக்கலாம். பழைய மாதிரி சத்தமாகச் சிரிக்கலாம்."

மணியை அவள் கையில் கட்டினார்.

லவ்னெஸின் தோள் இரண்டும் மெல்ல இறங்கின. அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அழுது முடிக்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

பிறகு பானையை வெளியே மர நிழலுக்குக் கொண்டுவந்தார்கள். முலேயா பாயில் உட்கார்ந்தார். பக்கத்தில் முத்திந்தா உட்கார்ந்தார். மாசிலாமணி ஒரு கையில் கூஜாவும் மறு கையில் தண்ணீர் பிடிக்கும் பேசினுமாகக் குனிந்து, முலேயாவின் கையில் தண்ணீர் ஊற்றினார்.

லவ்னெஸ் தட்டை முழங்காலிட்டு நீட்டினாள்.

முலேயா களியைக் கிள்ளி எடுத்தார். உருட்டினார். நடுவில் கட்டைவிரலால் அழுத்தி, கீரையைத் தொட்டு எடுத்தார். கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பேட்டை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார்.

"உப்பு குறைவு" என்றார்.

பிறகு லவ்னெஸ் சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்பு. பெண்கள் ஒரே குரலாகக் குலவையிட்டார்கள். குலவைச் சத்தம் பஸ் நிலையம் வரைக்கும் போயிற்று. கண்டக்டர்கள் பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார்கள். முலேயா இரண்டாம் கவளத்தை உருட்டினார்.

"ஊற்றுங்கள், பாஸ்டர்!" என்று கைகள் வரிசையாக நீண்டன.

மாசிலாமணி ஊற்றினார். மசகெண்ணெய் படிந்த ஓட்டுநர் கைகள். அடுப்பில் சுட்டுக்கொண்ட கைகள். குழந்தைகளின் கைகள். "அக்கா, வயிறு சரியாகிவிட்டது" என்று வெட்கத்தோடு வந்த சபைப் பெண்களின் கைகள். கூஜா காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டு வந்து ஊற்றினார். தோள்பட்டை வலித்தது. ஒவ்வொருவரும் அவரைப் பார்த்து, "த்வாலும்பா" என்றார்.

"அப்படியென்றால் என்ன அர்த்தம்?" என்று முலேயாவைக் கேட்டார்.

"நாங்கள் நன்றி சொல்கிறோம் என்று அர்த்தம்."

"ஒரே ஒருவர் சொன்னாலும் நாங்கள்தானா?"

"தனியாக ஒருவன் எப்படி நன்றி சொல்ல முடியும்?" என்று முலேயா திருப்பிக் கேட்டார். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

மாசிலாமணி பேசினைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். "த்வாலும்பா" என்று சொல்லிப் பார்த்தார். யாருக்கென்று அவருக்கே தெரியவில்லை. எல்லோருக்கும்தான்.

மறுநாள் முலேயா ஊருக்குக் கிளம்பினார். 'நன்றி இயேசுவே' பஸ்ஸை இப்போது ஃபெலிக்ஸின் நண்பன் ஓட்டினான். அவனே அவரை முன்சீட்டில் உட்காரவைத்து வெளியூர் பஸ் நிற்குமிடத்துக்குக் கொண்டுபோய் விட்டான்.

மாதங்கள் போயின. மாசிலாமணி விடியற்காலை ஜெபத்துக்குத் தவறாமல் போனார். சில நாள் அவரே பஸ்ஸின் மேல் கைவைத்து ஜெபம் பண்ணினார். நடுவில் யாராவது "டவுன், டவுன்" என்று கத்தினால், அந்தப் பஸ்ஸில் போகிறவர்களுக்காகவும் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டார். சாவு வீடுகளில் நெருப்பருகே உட்கார்ந்து பெரியவர்கள் பேசி முடிக்கும் வரை கேட்டார். அவர்கள் மொழியும் கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் ஒட்டியது.

வருஷம் முடிந்தது. புதுப் பேட்டைக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மதியம் அவர் லவ்னெஸ் கடைக்குப் போனார்.

பெஞ்சு தெரியவில்லை. அவ்வளவு கூட்டம். ஓட்டுநர்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். தட்டுகள் தலைக்கு மேல் போய் வந்தன. அவர் முண்டிக்கொண்டு முன்னால் போனபோது லவ்னெஸ் பானையைச் சாய்த்துக் காட்டினாள்.

"தீர்ந்துவிட்டது, பாஸ்டர்! ஒரு கவளம்கூட இல்லை. உங்களுக்குக் கூடவா இல்லையென்று சொல்ல வேண்டும்?"

"சொல்லு, சொல்லு. நன்றாகச் சொல்லு!" என்றார் மாசிலாமணி. சிரித்துக்கொண்டே நின்றார். கண் நிறைந்துவிட்டது.

அந்த வழியாக வந்த முத்திந்தா அவரைப் பார்த்து நின்றார்.

"சாப்பிட்டீர்களா, பாஸ்டர்?"

"இல்லை அம்மா. எனக்கு மிஞ்சவில்லை. கடவுளுக்கு நன்றி."

இருவரும் நிழலுக்கு நகர்ந்து நின்றார்கள்.

"நாளைக்குக் காலையில் கிளம்புகிறேன்" என்றார் மாசிலாமணி. "வேதாகமங்கள், பாட்டுப் புத்தகங்கள், ஒலிபெருக்கி எல்லாம் கட்டிவைத்துவிட்டேன். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. இன்னும் என்ன எடுத்துக்கொண்டு போகட்டும், அம்மா?"

முத்திந்தா அவர் முகத்தைப் பார்த்தார்.

"இப்போது பசிக்கிறதா?"

"நன்றாகவே பசிக்கிறது."

"இப்படியே போங்கள். அங்கே போய் முதலில் யாரிடமாவது சாப்பாடு கேளுங்கள்" என்றார் முத்திந்தா.